பாளையங்கோட்டை டயாலிசிஸ் சென்டர், இரண்டு வருட அனுபவம்: 5க்கு 3

சென்டர் பெயரைப் போடவில்லை. கிட்னி போன என் அண்ணன் இன்னும் வாரத்துக்கு மூன்று நாள் அங்கேதான் படுக்கிறார், ஊசி குத்துகிறவர்களைப் பகைத்துக்கொண்டு எங்கே போவது? பாளையங்கோட்டை, முதல் மாடி, லிஃப்ட் உண்டு. தேடுகிறவர்களுக்கு இது போதும், உள்ளூர்க்காரர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், நிஜமாகவே நிறைய இருக்கிறது. இடம் சுத்தம். கழிவறைக்குப் போனால் மூக்கைப் பிடிக்க வேண்டியதில்லை, இது சின்ன விஷயம் இல்லை. பன்னிரண்டு மிஷின், மூன்று ஷிப்ட். மஞ்சள் காமாலை கிருமி உள்ளவர்களுக்குத் தனி அறை, தனி மிஷின். ரத்தத்தை வடிகட்டுகிற குழாயான டயலைசரை, ஒரே ஆளுக்குக் கழுவித் திரும்பப் போடுகிற இடம்தான், ஆனால் பெயரும் தேதியும் எத்தனையாவது முறை என்பதும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், மாட்டுவதற்கு முன்னால் நம்மிடம் காட்டியும் விடுகிறார்கள். காட்டாவிட்டால் கேளுங்கள், கோபப்பட மாட்டார்கள். எந்த சென்டருக்குப் போனாலும் ஏசியைப் பார்க்காதீர்கள், தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற ஆர்ஓ ரூமைப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு மட்டும் 120 லிட்டர் சுத்த நீர் அந்த மிஷின் வழியாக ஓடுகிறது, நடுவில் ஒரு மெல்லிய சவ்வு, அதற்கு அந்தப் பக்கம் நம் ஆளுடைய ரத்தம். இங்கே அந்த ரூமைத் திறந்து காட்டினார்கள், தண்ணீர்ப் பரிசோதனை ரிப்போர்ட்டும் சுவரில் இருந்தது.

கடையம் பக்கத்துப் பிள்ளை ஒன்று டெக்னீஷியனாக இருக்கிறது. அண்ணனுக்கு இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக்குழாயை ஆபரேஷனில் இணைத்த இடம். விரலை வைத்தால் பூனை வயிற்றில் கை வைத்த மாதிரி குறுகுறுக்கும், காதை வைத்தால் தூரத்தில் ரைஸ்மில் ஓடுகிற சத்தம். அந்தப் பிள்ளை ஒவ்வொரு தடவையும் முதலில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்கும், அப்புறம் போன தடவை குத்தின இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே, "அண்ணாச்சி, இன்னைக்குக் கடையில வெங்காயம் என்ன வெல?" என்று கேட்டு அண்ணன் பதில் சொல்வதற்குள் இரண்டு ஊசியும் உள்ளே போயிருக்கும். வேறொரு இடத்தில் மூன்று முறை மாற்றி மாற்றிக் குத்தி, கை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிப் போய் வீட்டுக்கு வந்த நாளையும் பார்த்திருக்கிறோம், அதனால் இதன் அருமை எங்களுக்குத் தெரியும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் காசு இல்லை. குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்று வேண்டும். கௌண்டரில் உட்கார்ந்திருக்கிறவர் அலைய விடாமல் அனுமதி வாங்கிக் கொடுத்துவிடுவார். இதற்கெல்லாம் சேர்த்து மூன்று ஸ்டார், மனதாரக் கொடுக்கிறேன்.

மிச்சம் இரண்டை ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் இதை எழுதுவதற்கே காரணம்.

அண்ணனுக்கு நாற்பத்தி நாலு வயது. பத்தமடையில் பலசரக்குக் கடை. இங்கே சேர்ந்து பதினாலு மாதம், அதாவது சுமார் 180 தடவை போய்ப் படுத்து எழுந்து வந்த பிறகு, சென்னையில் இருக்கிற என் நண்பன் ஒருவன் போனில் கேட்டான், "உங்கண்ணனுக்கு எந்த ஆஸ்பத்திரில பதிஞ்சிருக்கீங்க?" நான், என்ன பதிவு என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் மாமனாருக்கும் கிட்னி போய்விட்டது, அவர் டயாலிசிஸ் செய்கிற ஆஸ்பத்திரியிலேயே கிட்னி மாற்று ஆபரேஷனும் நடக்கிறது, இரண்டாவது மாதமே ஒரு அம்மா வந்து உட்கார்ந்து, வீட்டில் யார் கொடுக்க முடியும், இல்லாவிட்டால் இறந்தவர்களிடமிருந்து பெறும் பட்டியலில் எப்படிப் பதிவது என்று எழுதிக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். வியாதி அதேதான், அரசாங்கமும் அதேதான், இருவர் கையிலும் இருப்பது ஒரே காப்பீட்டு அட்டை. அவர் படுத்த கட்டடத்தில் சொல்வதற்கு ஒரு ஆள் இருந்தார். எங்கள் கட்டடத்தில் இல்லை.

மறுநாள் சென்டர் மேனேஜரிடம் போய்க் கேட்டேன். சண்டை போடவில்லை, கேட்கத்தான் செய்தேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டு, "ஏன் சார், அண்ணாச்சிக்கு இங்க என்ன கொறை வச்சிருக்கோம்?" என்றார். ஹோட்டல்காரர் கேட்கிற மாதிரி. அவரைக் குறை சொல்ல முடியவில்லை, அவர் வேலை படுக்கையை நிரப்புவது. சரி, டாக்டர் சொல்லியிருக்கக் கூடாதா என்றால், அங்கேதான் கூத்து. கிட்னி டாக்டர் வெளியிலிருந்து வருகிறவர், வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் வருவார். அண்ணனுக்குத் திங்கள், புதன், வெள்ளி. பதினாலு மாதத்தில் அண்ணன் அவரை நேரில் பார்த்ததே இரண்டு தடவை. மற்றபடி அவர் பார்த்ததெல்லாம் அண்ணனுடைய சார்ட்டைத்தான். செவ்வாய், வியாழன், சனிக்காரர்களில் சிலருக்கு விஷயம் தெரிந்திருந்தது. நமக்கு எந்தக் கிழமை படுக்கை காலி என்பதில் தலையெழுத்து மாறிவிடுகிறது பாருங்கள்.

அட்லாண்டாவில் இருக்கிற சித்தப்பா மகனிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அங்கேயும் இதே கதை இருக்கிறது என்றான். அமெரிக்காவில் கிட்னி போனவர்களுக்கு வயது பார்க்காமல் அரசுக் காப்பீடு தருவதற்கு 1972லேயே சட்டம் போட்டுவிட்டார்கள், காசுக்குப் பெரிய கவலை இல்லை. ஆனாலும் அவன் இருக்கிற ஜார்ஜியா மாநிலத்தில் டயாலிசிஸ் சென்டர்களை எடுத்து ஒரு ஆய்வு செய்து 2015ல் வெளியிட்டார்கள், முதல் வருடத்துக்குள் எத்தனை பேரை மாற்று ஆபரேஷன் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள் என்று. சில சென்டரில் ஒருவரைக்கூட அனுப்பவில்லை, ஒன்றில் 100க்கு 75 பேர், நடுவாந்திரமான சென்டர் என்றால் 100க்கு 24 பேர்தான். ஒரே மாநிலத்துக்குள். இதைக் கேட்டதும் ஒரு பக்கம் ஆறுதல், இன்னொரு பக்கம் வயிற்றெரிச்சல். இன்னொன்றும் சொன்னான்: 2014 டிசம்பரிலிருந்து அங்கே லேட்டாகப் பதிந்தாலும் டயாலிசிஸ் தொடங்கின நாளிலிருந்து வரிசை கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். எங்களுக்குப் பதிந்த நாளிலிருந்துதான் வரிசை என்று சொன்னார்கள். அந்தப் பதினாலு மாதம் போனது போனதுதான்.

அப்புறம் அலைச்சல் ஆரம்பித்தது. நாமாகப் போய் அரசாங்கத்திடம் பெயர் கொடுக்க முடியாது. மாற்று ஆபரேஷனுக்கு அனுமதி பெற்ற ஒரு ஆஸ்பத்திரி நம்மைப் பரிசோதித்து, தகுதி என்று சொல்லி, அவர்கள் வழியாகத்தான் மாநில உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் பெயர் ஏறும். அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகள் அதிகம் இருப்பது சென்னையில்தான், அதை விட்டால் கோயம்புத்தூர், மதுரை. நெல்லையிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். வந்தே பாரத்தில் போனாலும் எட்டு மணி நேரம் பக்கம் வரும். திங்கள் டயாலிசிஸ் முடித்து, செவ்வாய் போய், புதன் காலைக்குள் திரும்ப வேண்டும். நாலு மணி நேரம் மிஷினில் கிடந்து எழுந்த உடம்புக்கு இது ஆகிற காரியமா? அதனால் மதுரை. கார் வாடகை ஒரு தடவைக்கு 5,500, ஆறு தடவை போயிருக்கிறோம், காப்பீட்டு அட்டை காருக்குச் செல்லாது.

நம்ம ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலேயே (நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) கிட்னி மாற்று ஆபரேஷன் நடந்திருக்கிறது. இது எங்களுக்கு மதுரையில் பாதிப் பரிசோதனை முடிந்த பிறகுதான் தெரியும். சென்டரிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்! இதைப் படிக்கிறவர்கள் முதலில் அங்கே போய்க் கேளுங்கள், எங்களை மாதிரி கயத்தாறு டோல்கேட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

பரிசோதனைப் பட்டியல் நீளம். எக்கோ, எக்ஸ்ரே, ஸ்கேன், எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி இரண்டும், பல் டாக்டரிடம் சான்று (சொத்தைப் பல் இருந்தால் முதலில் அதைப் பிடுங்க வேண்டும், ஆபரேஷனுக்கு அப்புறம் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை போடுவதால்), திசுப் பொருத்தத்துக்கான ரத்தப் பரிசோதனை. மதுரை டாக்டர் எங்கள் சார்ட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார். "ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்தியிருக்காங்களே, ஏன்?" ஹீமோகுளோபின் குறைந்தது, ஏற்றினார்கள், நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வந்தோம். அவர் பொறுமையாக விளக்கினார்: அடுத்தவர் ரத்தம் ஏறும்போது அதற்கு எதிராக உடம்பில் எதிர்ப்பொருள் உண்டாகலாம், பின்னால் கிட்னி கிடைக்கும்போது அதுவே பொருந்தவிடாமல் தடுக்கலாம், அவசரம் இல்லையென்றால் ரத்தம் ஊறுவதற்கான எரித்ரோபொய்ட்டின் ஊசியும் இரும்புச்சத்து ஊசியும் போட்டு ஹீமோகுளோபினை ஏற்றப் பார்க்க வேண்டும். மாற்று ஆபரேஷன் என்ற நினைப்பே இல்லாத இடத்தில் இதை யோசிக்க ஆள் ஏது? ஒரு ஸ்டார் இதற்காகவே போனது.

வீட்டில் கொடுக்க ஆள் இல்லையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அண்ணன் ஓ பாசிட்டிவ். ஓ காரருக்கு ஓ தான் வேண்டும். நான் பி. மைனி (அண்ணன் மனைவி) ஏ. அம்மாவுக்குச் சர்க்கரை. அக்கா ஓ பாசிட்டிவ்தான். அத்தான் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை, தீபாவளிக்கு அக்கா வந்தபோது அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். மைனி கொடுக்கத் தயார். 2011ல் சட்டத்தைத் திருத்தினதிலிருந்து இரண்டு குடும்பம் மாற்றிக்கொள்ளலாம், என் ஆள் உன் ஆளுக்கு, உன் ஆள் என் ஆளுக்கு. ஆனால் ஏ மைனியை வைத்துக்கொண்டு ஓ கொடுக்கிற குடும்பத்தைத் தேடினால் கிடைப்பது அபூர்வம், ஓ காரர் பெரும்பாலும் தன் வீட்டு நோயாளிக்கு நேராகவே கொடுத்துவிடுகிறாரே. மதுரையில் அந்த பெஞ்சில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். கொடுக்க வந்தவர்களில் முக்கால்வாசி அம்மாவும் மனைவியும், வாங்க வந்தவர்களில் முக்கால்வாசி ஆம்பிளைகள். என் மைனியும் அந்த வரிசையில்தான் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள், எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

ஆக, இறந்தவர் கொடுக்கிற கிட்னிக்குத்தான் காத்திருப்பு. தமிழ்நாடு இதில் மற்ற மாநிலங்களுக்கு முன்னோடி என்பது உண்மைதான், 2008ல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த நாளிலிருந்து. 2023லிருந்து கொடுத்தவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு. நம்ம பக்கமும் கொடுக்கிறார்கள். நாலு வழிச்சாலையில் பைக் விபத்து, ஹைகிரவுண்டில் மூளைச்சாவு, வீட்டார் சம்மதிக்கிறார்கள், கலெக்டர் மாலை போடுகிறார், பேப்பரில் பார்த்திருப்பீர்கள். ஒரு கிட்னி எடுத்த ஆஸ்பத்திரியில் பதிந்தவருக்கு, இன்னொன்று பொதுப் பட்டியலுக்கு என்று எங்களுக்கு விளக்கினார்கள். யோசித்துப் பாருங்கள், விபத்துக் கேஸ் நிறைய வருகிற பெரிய ஆஸ்பத்திரியில் பதிந்திருப்பவருக்கு வாய்ப்பு கூடுதல். டயாலிசிஸ் மட்டும் செய்கிற சென்டரில் படுத்துக்கொண்டு எங்கேயும் பதியாமல் இருக்கிற திசையன்விளைக்காரருக்கு, பக்கத்து ஊர்ப் பையனின் கிட்னி இருந்தாலும் ஒன்றும் இல்லை, இல்லாவிட்டாலும் ஒன்றும் இல்லை. கொடுப்பதில் நெல்லை பின்தங்கவில்லை. வாங்குவதற்கு வரிசையில் நிற்பதில்தான் பின்தங்கியிருக்கிறோம், அதுவும் வரிசை எங்கே இருக்கிறது என்று தெரியாததால்.

ஒரு தடவை அழைப்பு வந்தது. ராத்திரி பதினொன்றரை. ரிசர்வில் நாலாவது ஆள், உடனே கிளம்பி வாருங்கள், ஒன்றும் சாப்பிட வேண்டாம். ஒரு கிட்னிக்கு நாலைந்து பேரைக் கூப்பிடுவார்கள், ரத்தம் ஒத்துப்போகிறதா என்று கிராஸ்மேட்ச் பார்த்து யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்கு. மைனி சாமி படத்துக்கு முன்னால் திருநீறு எடுத்துப் பூசிவிட்டாள், டிரைவர் தம்பி அழுத்தினான். கோவில்பட்டி தாண்டும்போது அண்ணன் சொன்னார், "ஏலே, அங்க ஒரு வீட்டுல இந்நேரம் அழுதுகிட்டு இருப்பாவ. நாம என்னடான்னா வண்டிய வேகமா விடச் சொல்லிகிட்டுப் போறோம், பாத்தியா." எனக்குப் பதில் வரவில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு, முதல் ஆளுக்கே பொருந்திவிட்டது என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரி வாசலில் காபி, அண்ணனுக்கு அரை டம்ளர் மட்டும், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று அளவு உண்டு, அன்றைய தண்ணீர்க் கணக்கில் அதையும் சேர்த்துக்கொண்டார். திரும்பி வந்து பதினோரு மணி ஷிப்டில் படுத்தார். அந்த ஷிப்டில் இடம் போட்டுக் கொடுத்தது இந்த சென்டர்தான், அதையும் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி யாரோ கேட்டிருந்தார்கள். உள்ளே கேன்டீன் இல்லை, வீட்டிலிருந்து கொண்டு போகலாம். டயட் சீட்டு ஒன்று கொடுக்கிறார்கள், அதில் ஆப்பிள், ஓட்ஸ் என்று என்னென்னவோ இருக்கிறது, பதநீரும் இளநீரும் பொட்டாசியத்தைக் கூட்டும், தொடக் கூடாது என்று இல்லை. பங்குனி, சித்திரையில் நம்ம ஊர் ரோட்டில் நடக்கிற ஆளுக்கு அதுதானே முதலில் சொல்ல வேண்டியது? சொதிக்குக் காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் மைனி செய்கிறாள். அது சொதியே இல்லை என்பது அண்ணன் கட்சி.

இப்போது சென்டரில் ஒரு மாற்றம், என்னால் வந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். பதிவதற்கு என்னென்ன வேண்டும், முதலில் யாரிடம் போக வேண்டும் என்று ஒரு பேப்பரில் மார்க்கரால் எழுதி எடை மிஷினுக்கு மேலே ஒட்டினேன். இரண்டு நாளில் காணோம். திரும்ப ஒட்டினேன், திரும்பக் காணோம். மூன்றாவது தடவை அந்தக் கடையத்துப் பிள்ளை என்னிடமிருந்து வாங்கி, நோயாளிகள் பை வைக்கிற அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டது. கதவைத் திறக்கிற முப்பத்தாறு பேர் கண்ணிலும் படும், மேனேஜர் கண்ணில் படாது. இதுவரை ஐந்து பேர் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், ஒருவர் பதிந்தே விட்டார். புதிதாகச் சேர்கிறவர்கள் இடது பக்கம் இரண்டாவது அலமாரியைத் திறந்து பாருங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். படுக்கை முதலில் வருகிறவருக்கு முதலில். மூன்றாம் நம்பர் ஜன்னலோரப் படுக்கைக்கு அண்ணன் ஐந்தரைக்கே போய் நிற்பதைப் பார்த்து, அண்ணாச்சிக்குக் காற்று வேண்டும் போல என்று மற்றவர்கள் கேலி பண்ணுவார்கள். அந்த ஹாலில் வேறு எந்தப் படுக்கையிலும் போனுக்கு டவர் கிடைக்காது.